இணைய ஏலத்தில் கேட்பு நேர்மையாக நடக்கிறதா: படிப்படியாகச் சரிபார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெல்ல ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் ஒழுங்கு தெரியும். வியாபாரி வெல்லத்தைக் கையில் எடுத்து, உடைத்து, நிறம் பார்த்து, ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்த பிறகுதான் விலை கேட்பார். யார் கேட்டார், அவருக்கு மேல் யார் ஏற்றினார், யார் பின்வாங்கினார் என்பது சுற்றி நிற்கும் அத்தனை பேர் கண்ணிலும் படும். மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த என் பெரியப்பா, "கேக்கறவன் மொகத்தப் பாக்காம நீ வெலயச் சொல்லாத" என்று அடிக்கடி சொல்வார். இணைய ஏலத்தில் பார்ப்பதற்கு முகமும் இல்லை, உடைத்துப் பார்ப்பதற்குச் சரக்கும் இல்லை. மண்டியில் ஊர்க்கண் செய்த காவலை அங்கே தளத்தின் விதிகளும், கடிகாரமும், பதிவேடும் செய்தாக வேண்டும். அந்தக் காவல் சரியாக இருக்கிறதா என்று பணம் கட்டும் முன்பே நாமே சோதித்துக்கொள்ள முடியும் என்பதால்தான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் எங்களுக்குச் சிறிய காபித் தோட்டம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், பழம் பறிப்புத் தொடங்குவதற்குள் காபிப் பழத்தின் தோலை நீக்கும் ஒரு பழைய பல்பர் இயந்திரம் வாங்கிவிட வேண்டும் என்று இணைய ஏலத்தில் இறங்கினேன். இரண்டு முறை தோற்றேன், மூன்றாம் முறை கிடைத்தது. தோற்ற இரண்டில் ஒன்று முறையான தோல்வி. என்னைவிட அதிகம் கொடுக்க ஒருவர் ஆயத்தமாக இருந்தார், அவருக்குக் கிடைத்தது. மற்றொன்றில் நடந்ததைப் பின்னால் உரிய இடத்தில் சொல்கிறேன். அதற்குப் பிறகு நான் பழகிக்கொண்ட சோதனைகளே கீழே உள்ளவை.

முதல் படி: இது எந்த வகை ஏலம் என்று அறிந்துகொள்ளுங்கள்

ஏலம் என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு விளையாட்டுகள் இருக்கின்றன. விலை எல்லோருக்கும் தெரியும்படி ஏறிக்கொண்டே போவது ஒருவகை; வெல்ல மண்டியும் வங்கிகளின் மின்னணு ஏலமும் இந்த வகை. ஒவ்வொருவரும் தம் விலையை ஒரே ஒருமுறை எழுதிக் கொடுத்து, எல்லாச் சீட்டுகளும் ஒன்றாகத் திறக்கப்படுவது இன்னொரு வகை. நம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் பருத்திக்கும் கொப்பரைக்கும் நடக்கும் மறைமுக ஏலம் அதுதான். சேலத்தில் 1981-இல் தொடங்கப்பட்ட சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் ஜவ்வரிசிக்கும் ஸ்டார்ச்சுக்கும் பின்பற்றிவந்த ரகசிய டெண்டரும் இதே குடும்பம். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவதும், ஒருவர் விலை மற்றவருக்குத் தெரியக் கூடாது என்ற அதே எண்ணத்தில் பிறந்ததுதான்.

வகை தெரிய வேண்டியதன் காரணம், ஒவ்வொன்றிலும் நேர்மை உடையக்கூடிய இடம் வேறு என்பதே. சீட்டு ஏலத்தில் சீட்டைத் திறக்கும் முன் யாராவது பார்த்துச் சொல்லிவிட்டால் எல்லாம் போயிற்று. ஆகவே அங்கே தளம் காக்க வேண்டியது மறைவை. உங்கள் விலை குறியாக்கம் செய்யப்பட்டு, அறிவித்த நேரத்துக்கு முன் அலுவலரால்கூடத் திறக்க முடியாதபடி வைக்கப்படுகிறதா என்று விதிகளில் தேடுங்கள். ஏறுமுக ஏலத்தில் மறைவைவிட, ஏற்றுகிறவர் மெய்யான ஆளா என்பதும், ஏலம் எந்த நொடியில் எப்படி முடிகிறது என்பதும்தான் பெரிய கேள்விகள். பொருள்களை வாங்க நாம் நுழையும் பெரும்பாலான தளங்கள் ஏறுமுகமானவை என்பதால், இனிச் சொல்லப்போவதில் பெரும்பகுதி அவற்றைப் பற்றியது.

இரண்டாம் படி: வாசலில் யாரை உள்ளே விடுகிறார்கள் என்று பாருங்கள்

பதிவு செய்வது எளிதாக இருந்தால் நமக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. உண்மையில் அது எச்சரிக்கை அடையாளம். ஒரு மின்னஞ்சல் முகவரி மட்டும் கொடுத்தால் போதும் என்ற தளத்தில் ஒரே ஆள் பத்துப் பேராக நின்று ஏலம் கேட்க எந்தத் தடையும் இல்லை. பான் அட்டை, ஆதார், வங்கிக் கணக்கு, கைபேசி எண் ஆகியவற்றைச் சரிபார்த்து ஒரு கணக்குக்கு ஒரு மனிதர் என்று கட்டிவைக்கும் தளத்தில் அந்த வேலைக்குச் செலவும் ஆபத்தும் கூடுகின்றன. பழைய இரும்பு, இயந்திரம், அரசுச் சரக்கு போன்றவற்றை ஏலம் விடும் பொதுத்துறை நிறுவனமான எம்.எஸ்.டி.சி. போன்ற இடங்களில் பதிவுக்கே பல தாள்கள் கேட்பார்கள். அலுப்பாக இருக்கும், ஆனால் அந்த அலுப்பு உங்களைக் காக்கிறது.

அடுத்தது முன்வைப்புத் தொகை. வங்கி ஏலங்களில் பெரும்பாலும் குறைந்தபட்ச விலையில் 10 விழுக்காட்டை முன்பே கட்டினால்தான் கேட்க முடியும். தோற்றவருக்கு அது திரும்பிவிடும், வென்றுவிட்டுப் பின்வாங்குபவருக்குத் திரும்பாது. விளையாட்டுக்குக் கேட்பவரையும் விலையை ஏற்றிவிட மட்டும் வந்தவரையும் வாசலிலேயே நிறுத்துவதற்கு இதைவிட நல்ல கருவி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பது என் எண்ணம். நீங்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. தொகை தளத்தின் அல்லது வங்கியின் பெயரிலுள்ள கணக்குக்குத்தான் போகிறதா, அல்லது யாரோ ஒரு தனிநபரின் யு.பி.ஐ. எண்ணுக்கா? தோற்றால் எத்தனை நாளில், எந்தக் கணக்குக்குத் திரும்பும் என்று எழுதப்பட்டிருக்கிறதா? முதல் கேள்விக்குத் தனிநபர் என்று பதில் வந்தால் அங்கிருந்து வெளியேறிவிடுங்கள்.

மூன்றாம் படி: தானியங்கிக் கேட்பு எப்படி வேலை செய்கிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள்

இணைய ஏலத்தின் அடிப்படைப் பொறி இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 1995-இல் அமெரிக்காவில் ஆக்சன்வெப் என்ற பெயரில் தொடங்கி, பின்னர் ஈபே ஆன தளம் இதைப் பரவலாக்கியது. நீங்கள் கொடுக்கத் தயாராக இருக்கும் உச்சவரம்பை ஒருமுறை சொல்லிவிட்டால், தளமே உங்கள் சார்பில், தேவைப்படும் அளவுக்கு மட்டும், ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டு போகும்.

என் மூன்றாவது பல்பர் ஏலத்தை ஒட்டிய கணக்கைச் சொல்கிறேன். தொடக்க விலை 15,000 ரூபாய், ஏற்றத் தொகை 500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் உச்சவரம்பு 32,000. நான் அதைப் பதிவு செய்ததும் திரையில் தெரியும் விலை 15,000தான். 32,000 என்பது தளத்துக்கு மட்டுமே தெரியும். இன்னொருவர் 20,000 கேட்கிறார். உடனே திரையில் 20,500 என்று என் பெயரில் ஏறுகிறது. அவர் 24,000 என்கிறார், அது 24,500 ஆகிறது. அவர் 27,000 என்கிறார், அது 27,500 ஆகிறது. அத்துடன் அவர் நிறுத்திக்கொண்டால் நான் செலுத்த வேண்டியது 27,500. எனக்குள் வைத்திருந்த 32,000 அல்ல. அவர் 31,800 வரை வந்திருந்தால் நான் 32,000 கட்ட வேண்டியிருந்திருக்கும். படி 500 ஆனாலும் என் வரம்பைத் தாண்டித் தளம் போகக் கூடாது. அவரும் சரியாக 32,000 என்று கேட்டிருந்தால் முன்னால் பதிவு செய்த எனக்கே பொருள்.

கூர்ந்து பார்த்தால், வென்றவர் கொடுக்கும் விலையைத் தீர்மானிப்பது இரண்டாவதாக நின்றவரின் விலைதான். தபால்தலை வணிகர்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே அஞ்சல்வழி ஏலங்களில் இப்படிச் செய்திருக்கிறார்கள். பொருளியலாளர் வில்லியம் விக்ரி 1961-இல் இதன் தர்க்கத்தை எழுதிக் காட்டினார். 1996-இல் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்த சில நாள்களிலேயே அவர் காலமானார். அவர் காட்டியதன் சாரம் எளிது: செலுத்தப்போவது இரண்டாம் விலை என்றால், பொருளுக்கு நம் மனத்தில் உள்ள மெய்யான மதிப்பை அப்படியே எழுதுவதுதான் நமக்கு நல்லது. குறைத்து எழுதினால் நியாயமான விலைக்குக் கிடைக்க இருந்த பொருளை இழப்போம். கூட்டி எழுதினால் நமக்குக் கட்டாத விலைக்கு மாட்டிக்கொள்வோம்.

இந்தப் பொறி முழுவதும் ஒரே ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது. உங்கள் உச்சவரம்பு விற்பவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அவர் 31,500 வரை ஓர் ஆளை வைத்து ஏற்றிவிட்டு அமைதியாக உட்கார்ந்துகொள்வார். ஆகவே தளத்தின் விதிகளில் இரண்டைத் தேடிப் படியுங்கள்: உச்சவரம்பை விற்பவர் பார்க்க முடியாது என்ற தெளிவான வாசகம், தளத்தின் ஊழியர்களோ அவர்களின் துணை நிறுவனங்களோ ஏலத்தில் கலந்துகொள்வது பற்றிய வாசகம். இரண்டாவது பற்றி ஒன்றுமே எழுதாத தளத்தில் நான் உச்சவரம்பு பதிவு செய்வதில்லை. படிப்படியாகக் கையாலேயே கேட்கிறேன்.

நான்காம் படி: ஏலம் எந்த நொடியில் முடிகிறது என்று படியுங்கள்

மண்டியில் "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று சொல்லிச் சுற்றிலும் ஒருமுறை பார்த்த பிறகுதான் "மூணு தரம்" வரும். இடையில் ஒருவர் கை தூக்கினால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். இணையத்தில் இந்த ஒழுங்கு எல்லாத் தளங்களிலும் இல்லை.

ஈபேயில் ஏலம் குறித்த நொடியில் முடிந்துவிடும். அதனால் கடைசிச் சில நொடிகள்வரை காத்திருந்து, மற்றவருக்குப் பதில் சொல்ல நேரமே கொடுக்காமல் விலையைப் போடுவது அங்கே வழக்கமாயிற்று. அதற்கென்றே மென்பொருள்களும் வந்தன. 1999-இல் ஏலம் நடத்தத் தொடங்கிய அமேசான் வேறு விதி வைத்திருந்தது. முடியும் தறுவாயில் யாராவது கேட்டால், அதன் பிறகு 10 நிமிடம் யாரும் கேட்காமல் கழிந்தால்தான் ஏலம் முடியும். ஆல்வின் ராத், ஆக்சல் ஓக்கன்ஃபெல்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள் இந்த இரு தளங்களையும் ஒப்பிட்டு 2002-இல் வெளியிட்ட ஆய்வில், கடைசி நொடிக் கேட்பு ஈபேயில் மிக அதிகமாகவும் அமேசானில் மிகக் குறைவாகவும் இருப்பதைக் காட்டினார்கள். ஈபேயில் அனுபவம் கூடக்கூட ஆள்கள் இன்னும் தாமதமாகக் கேட்டார்கள் என்பதும் அதில் தெரிந்தது. மனிதர்களின் குணம் இரு தளங்களிலும் ஒன்றுதான். முடிவு விதி மாறியதும் நடத்தை மாறியது.

நம் நாட்டு வங்கி ஏலங்களில் நீட்டிப்பு விதிதான் வழக்கம். கடைசி 5 நிமிடத்துக்குள் யாராவது கேட்டால் நேரம் இன்னும் 5 நிமிடம் நீளும். சிலவற்றில் 10 நிமிடம். எத்தனை முறை நீளலாம் என்பதற்கு வரம்பு உண்டா என்பது அந்தந்த அறிவிப்பில் இருக்கும். நீட்டிப்பு உள்ள தளத்தையே நான் விரும்புகிறேன். அதில் பணமும் பொறுமையும் உள்ளவர் வெல்கிறார், வேகமான இணைப்பு உள்ளவர் அல்ல. மலைமேல் இருப்பவர்களுக்கு இது வெறும் கொள்கை இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழையும் மூடுபனியும் சேர்ந்து மரக்கிளை மின்கம்பியில் விழுந்தால் மின்சாரமும் கைபேசிக் கோபுரமும் ஒன்றாகப் போகும். ஏற்காட்டிலிருந்து கேட்பவர் கடைசி நொடிக்குக் காத்திருப்பது அறவே கூடாது. உச்சவரம்பை முன்கூட்டியே பதிந்துவிடுங்கள். பெரிய ஏலம் என்றால் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, சேலத்தில் உறவினர் வீட்டில் உட்கார்ந்து கேளுங்கள்.

இன்னொரு சிறு செய்தி. ஏலத்தை முடிப்பது தளத்தின் சர்வர் கடிகாரம். உங்கள் கைபேசிக் கடிகாரம் அல்ல. பக்கத்தில் சர்வர் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத தளத்தில் நேரத் தகராறு வந்தால் உங்கள் பக்கம் பேச ஒன்றும் இருக்காது.

ஐந்தாம் படி: போலிக் கேட்பை அடையாளம் காணப் பழகுங்கள்

விற்பவரோ அவருடைய ஆளோ, வாங்கும் எண்ணமே இல்லாமல், விலையை ஏற்றுவதற்காகக் கேட்பதுதான் போலிக் கேட்பு. மண்டிப் பேச்சில் "ஏத்தி உடற ஆளு". இதைப் பற்றி நம் சட்டம் மிகத் தெளிவாகவே பேசுகிறது என்பது பலருக்குத் தெரியாது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவு ஏலத்துக்கென்றே எழுதப்பட்டது. விற்பவர் தாமும் கேட்கும் உரிமையை முன்கூட்டியே வெளிப்படையாக அறிவித்து வைத்துக்கொள்ளலாம். அப்படி அறிவிக்காமல் அவர் கேட்பதோ, தம் சார்பில் கேட்க ஆள் வைப்பதோ, அது தெரிந்தே ஏலம் விடுபவர் அந்தக் கேட்பை ஏற்பதோ சட்டத்துக்கு மாறானது. அந்த விற்பனையை மோசடியானது என்று வாங்குபவர் கொள்ளலாம். விலையை உயர்த்தப் பொய்க் கேட்பு பயன்படுத்தப்பட்டிருந்தால், விற்பனையைத் தள்ளிவிடும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. தளத்தின் விதிகள் எதைச் சொன்னாலும் இந்தப் பிரிவை நினைவில் வையுங்கள்.

இணையத்தில் இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2000-ஆம் ஆண்டு மே மாதம் ஈபேயில் நடந்த ஓவிய ஏலம் சான்று. புகழ்பெற்ற ஓவியர் ஒருவரின் படைப்பாக இருக்கலாம் என்று பார்ப்பவர் எண்ணும்படி வைக்கப்பட்ட ஓர் ஓவியத்துக்கு விலை 1,35,805 டாலர் வரை ஏறியது. விற்பவரே வேறு பெயரில் கேட்டிருந்தது தெரியவந்ததும் ஈபே அந்த விற்பனையை ரத்து செய்தது. அடுத்த ஆண்டு மூவர் மீது அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்தது. அவர்கள் 40-க்கும் மேற்பட்ட பயனர் பெயர்களை உருவாக்கி, ஒருவர் பொருளுக்கு மற்றவர் கேட்டு ஏற்றியிருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு.

தளங்கள் இதை எப்படிப் பிடிக்கின்றன? ஒவ்வொரு கேட்புடனும் அது எந்த இணைய இணைப்பிலிருந்து வந்தது என்று காட்டும் ஐ.பி. முகவரி, கருவியின் அடையாளம், நேரம் ஆகியவை பதிவாகின்றன. விற்பவர் கணக்கும் கேட்பவர் கணக்கும் ஒரே கருவியிலிருந்தோ, ஒரே வங்கி அட்டையிலிருந்தோ, ஒரே முகவரியிலிருந்தோ வந்தால் மணி அடிக்கும். ஆனால் ஐ.பி. முகவரி ஒன்றாக இருப்பதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒரு கல்லூரி விடுதியில், ஒரு எஸ்டேட் அலுவலகத்தில் இருபது பேர் ஒரே இணைப்பைப் பயன்படுத்துவார்கள். ஆகவே நல்ல தளம் நடத்தையையும் சேர்த்துப் பார்க்கும். அந்த நடத்தையை நாமும் கேட்பு வரலாற்றுப் பக்கத்தில் பார்க்கலாம். ஒரே விற்பவரின் பொருள்களுக்கு மட்டுமே திரும்பத் திரும்பக் கேட்கும் கணக்கு. நிறையக் கேட்டும் ஏறக்குறைய எதையும் வெல்லாத கணக்கு. ஏலத்தின் நடுப்பகுதியில் சிறுசிறு படிகளாக, மேலே நிற்பவரின் உச்சவரம்பைத் தடவிப் பார்ப்பதுபோல் ஏற்றி, முடிவு நெருங்கும்போது காணாமல் போகும் கணக்கு. தொடங்கிச் சில நாள்களே ஆன கணக்கு. இவற்றில் ஒன்று இருந்தால் தற்செயலாக இருக்கலாம். மூன்று ஒன்றுசேர்ந்தால் நான் விலகிக்கொள்வேன்.

என் இரண்டாவது பல்பர் ஏலத்தில் இப்படி ஒரு கணக்கு இருந்தது. நான் 500 ஏற்றினால் அதுவும் 500 ஏற்றும்; நான் ஒரு மணி நேரம் பேசாமல் இருந்தால் அதுவும் பேசாமல் இருக்கும். என் வரம்பு முடிந்ததும் நிறுத்திவிட்டேன், பொருள் அந்தக் கணக்குக்குப் போனது. இரண்டு வாரம் கழித்து அதே பல்பர், அதே படம், கைப்பிடியில் இருந்த அதே துருவோடு அதே தளத்தில் மறுபடி ஏலத்துக்கு வந்தது. தளத்துக்கு எழுதினேன், விதிமீறல் எதுவும் காணப்படவில்லை என்று ஒரு வரிப் பதில் வந்தது. வாங்கியவர் பணம் கட்டாததால் மீண்டும் வந்திருக்கலாம் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் கேட்பு வரலாற்றில் அந்தக் கணக்கின் பழைய ஏலங்களைப் பார்க்கத் தளம் இடம் கொடுத்திருந்தால், ஐயத்தோடு நான் இத்தனை நாள் இருந்திருக்க மாட்டேன்.

பெயர் மறைப்பு என்பதில் இரு பக்கமும் உண்டு. ஈபே பின்னாளில் கேட்பவர் பெயரில் ஓரிரு எழுத்துகளை மட்டும் காட்டி மற்றவற்றை மறைத்தது. தோற்றவர்களுக்குப் போலி மின்னஞ்சல் அனுப்பி ஏமாற்றுபவர்களிடமிருந்து காப்பது அதன் நோக்கம். நியாயமான நோக்கம்தான். ஆனால் பெயரை மறைக்கும் தளம், அந்தக் கணக்கு எத்தனை ஏலங்களில் கேட்டது, அவற்றில் எத்தனை இதே விற்பவருடையவை என்ற எண்ணிக்கைகளையாவது காட்ட வேண்டும். பெயரையும் மறைத்து எண்ணிக்கையையும் மறைக்கும் இடத்தில், ஊர்க்கண்ணைக் கட்டிவிட்டு ஏலம் விடுகிறார்கள் என்றே கொள்ளுங்கள்.

தோற்ற பிறகு, "வென்றவர் பணம் கட்டவில்லை, உங்கள் உச்ச விலைக்கு எடுத்துக்கொள்கிறீர்களா" என்று அழைப்பு வந்தால் அவசரப்படாதீர்கள். ஏற்றிவிட்டவர் தவறிப்போய் வென்றுவிட்டால் விற்பவர் செய்வதும் இதேதான். அந்தக் கணக்கின் கேட்புகள் அனைத்தையும் நீக்கிப் பார்த்தால் விலை எங்கே நின்றிருக்கும் என்று கணக்கிட்டு, அந்த விலைக்குச் சம்மதமா என்று கேளுங்கள்.

ஆறாம் படி: கேட்பைத் திரும்பப் பெறும் விதியைப் பாருங்கள்

64-ஆம் பிரிவின்படி சுத்தியல் விழும்வரை, அல்லது வழக்கமான வேறு முறையில் விற்பனை முடிந்ததாக அறிவிக்கும்வரை, கேட்பவர் தம் கேட்பைத் திரும்பப் பெறலாம். இணையத்தில் இதை அப்படியே விட்டுவைத்தால் ஒரு தந்திரத்துக்கு வழி பிறக்கும். கூட்டாளிகள் இருவரில் ஒருவர் குறைந்த விலை கேட்பார். மற்றவர் யாரும் நெருங்க முடியாத பெரிய விலை போட்டு எல்லோரையும் விரட்டுவார். கடைசியில் பெரிய விலை திரும்பப் பெறப்படும், பொருள் முதலாமவருக்குச் சொற்ப விலைக்குப் போகும். அதனால்தான் ஈபே போன்ற தளங்கள் கடைசி 12 மணி நேரத்தில் போட்ட கேட்பை ஒரு மணி நேரத்துக்குள் மட்டுமே, அதுவும் 15,000 என்பதற்கு 1,50,000 என்று தட்டிவிட்டது, பொருளின் விவரம் பெரிதும் மாறிவிட்டது போன்ற சில காரணங்களுக்காக மட்டுமே, திரும்பப் பெற விடுகின்றன. வங்கி ஏலத்தில் பொதுவாகத் திரும்பப் பெறவே முடியாது. ஒரு பூச்சியம் கூடிவிட்டால் முன்வைப்புத் தொகை போகும்; எண்ணை எழுத்தாலும் காட்டி உறுதி கேட்கும் திரை வரும்போது வாய்விட்டுப் படியுங்கள்.

ஏழாம் படி: வாங்குபவர்களே கூடிக்கொள்ளும் ஆபத்து

நாம் வாங்கும் பக்கம் நிற்கும்போது இது கண்ணில் படாது. விளைபொருளை விற்கும் பக்கம் நின்றால்தான் வலி தெரியும். நான்கு வியாபாரிகள் டீக்கடையில் பேசிவைத்து, இன்று இவர் எடுக்கட்டும், நாளை அவர் எடுக்கட்டும் என்று விலையை அடக்கிவிட்டால், மிளகு மூட்டையோடு மலையிறங்கி வந்தவர் வாடகை வண்டிக்கும் பயந்து கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போவார். 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் 3-ஆம் பிரிவில் கூட்டுச் சேர்ந்து கேட்பை வளைப்பதைப் பெயர் சொல்லித் தடுக்கிறது.

இங்கேதான் பெயர் மறைப்பின் நல்ல பக்கம் வெளிப்படுகிறது. கூட்டு நிலைப்பதற்கு, சொல் தவறி ஏற்றியவர் யார் என்று மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும். ஏறுமுக இணைய ஏலத்தில் கேட்பவர்கள் வெறும் எண்களாகத் தெரிந்தால், சொல் தவறியவரைக் கண்டுபிடிப்பது கடினம். வெளியூர் வியாபாரியும் உள்ளே வர முடியும் என்பதால் கூட்டு இன்னும் தளரும். 2016 ஏப்ரல் 14 அன்று தொடங்கப்பட்ட தேசிய வேளாண் சந்தையான இ-நாம் வெளியூர்க் கேட்பைத் திறந்துவிட முயல்வதும் இந்த எண்ணத்தில்தான். விற்பவர் செய்ய வேண்டியது, நியாயமான குறைந்தபட்ச விலையை முன்பே குறித்துவிட்டு, அதற்குக் கீழே போனால் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமை தமக்கு உண்டா என்று கேட்டு உறுதிசெய்துகொள்வது.

எட்டாம் படி: வீடு, மனை ஏலம் என்றால் கூடுதல் கவனம்

அஸ்தம்பட்டியிலோ அழகாபுரத்திலோ ஒரு வீடு வங்கி ஏலத்துக்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு ஆவலோடு வருபவர்கள் நிறைய. கடன் கட்டாதவரின் அடமானச் சொத்தை வங்கி விற்க வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டமும் அதன் விதிகளும் இதை நடத்துகின்றன. முதல் ஏலத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அது நடக்காமல் மறு ஏலம் என்றால் 15 நாள். பொதுத்துறை வங்கிகளின் ஏலங்களை இப்போது பேங்க்நெட் தளத்தில் பார்க்கலாம். வென்றவர் முன்வைப்புத் தொகையையும் சேர்த்து 25 விழுக்காட்டை அன்றோ அடுத்த வேலை நாளிலோ கட்ட வேண்டும். மீதியை விற்பனை உறுதிசெய்யப்பட்ட 15-ஆம் நாளுக்குள் கட்ட வேண்டும், எழுத்துமூலம் ஒப்புக்கொண்டால் மூன்று மாதத்துக்கு மேற்படாமல் நீட்டிக்கலாம். தவறினால் கட்டியது திரும்பாது. இந்தக் கெடு இரக்கமற்றதாகத் தோன்றினாலும், பொய்யாக ஏற்றிவிடுபவரை விலக்கி வைப்பது அதுதான்.

ஏல நேர்மை என்பது கேட்பில் மட்டும் இல்லை. எதற்குக் கேட்கிறோம் என்பது எல்லோருக்கும் ஒன்றுபோலத் தெரிந்திருக்க வேண்டும். அறிவிப்பில் "உள்ளது உள்ளபடியே" என்ற சொல் இருக்கும். குடியிருப்பவர், சொத்துவரி பாக்கி, வழக்கு, பொதுச்சுவர்த் தகராறு எல்லாம் அதற்குள் அடங்கும். பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கம் பாருங்கள், பார்வையிடும் நாளில் நேரில் போங்கள், அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்.

கடைசிப் படி: பணமும் பதிவும் முறையீடும்

பொருள் ஏலத்தில், பணம் தளத்திடம் நின்று, நீங்கள் சரக்கைப் பெற்று ஒப்புக்கொண்ட பிறகு விற்பவருக்குப் போகும் ஏற்பாடு இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். விற்பவரின் மதிப்பீட்டைப் படிக்கும்போது, விற்பவரும் பதிலுக்கு வாங்குபவருக்குக் கெட்ட மதிப்பீடு கொடுக்க முடியுமா என்று பாருங்கள். அப்படி முடிந்தால் பயந்து உண்மை எழுதாதவர் பலர் இருப்பார்கள். ஈபே 2008-இல் விற்பவரின் அந்த வசதியை நீக்கியது இதற்காகவே.

ஏலம் ஓடும்போதே கேட்பு வரலாற்றுப் பக்கத்தை, சர்வர் நேரம் தெரியும்படி, படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முடிந்த சில நாள்களில் அந்தப் பக்கம் மறைந்துவிடலாம். பொருள் விவரம், விற்பவர் அனுப்பிய செய்திகள், பணம் கட்டிய ரசீது ஆகியவற்றையும் ஒரே இடத்தில் சேருங்கள். ஐயம் வந்தால் முதலில் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகார் கிடைத்ததாக அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். "ஏமாற்றிவிட்டார்கள்" என்று எழுதுவதைவிட, இந்தக் கணக்கு இத்தனை மணிக்கு இத்தனை ரூபாய் கேட்டது, இதே விற்பவரின் இத்தனை ஏலங்களில் கேட்டிருக்கிறது என்று வரிசையாக எழுதுங்கள்; அதற்கு ஒரு வரியில் பதில் சொல்வது கடினம். அங்கே பயனில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். வியாபாரத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் சட்டத்தில் பொதுவாக வரமாட்டார். ஆனால் தாமே உழைத்துப் பிழைக்கும் சுயதொழிலுக்காக வாங்கியவருக்கு விலக்கு உண்டு. சிறு தோட்டத்துக்குப் பல்பர் வாங்கியவர் அந்த விலக்கைச் சுட்டிக்காட்டி எழுத வேண்டும். பணமே மோசடியாகப் பறிபோயிருந்தால் இவை எதற்கும் காத்திராமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்பு உள்ளது முதல் சில மணி நேரத்தில்தான்.